ஒன்ராறியோவில் இனப்பாகுபாட்டை எதிர்கொள்வது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி

ஒன்ராறியோ மாகாணத்தில் வேலை தேடும்போதோ வீடு தேடும்போதோ நிறம், பெயர், பேச்சுத்தொனி ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் காரணமாக ஒதுக்கப்பட்ட ஒருவர், தமக்குத் தெரிந்தவர்களிடம் விடயத்தைச் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதிப் போடுங்கள்" என்பதுதான். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த ஆலோசனை பலரைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன; பாகுபாட்டுக்கு எதிராக விண்ணப்பிக்க ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டக்கோவை கொடுக்கும் காலக்கெடுவோ ஓராண்டு மட்டுமே. ஆகவே யார் எதைச் செய்கிறார்கள் என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

முதற்படி: மூன்று அமைப்புகளையும் பிரித்தறியுங்கள்

2008 ஆம் ஆண்டு யூன் மாத இறுதி வரை ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழுவே தனிமனிதர்களின் முறைப்பாடுகளை ஏற்று விசாரித்தது. அதன் பின்னர் அந்தப் பொறுப்பு மூன்றாகப் பிரிக்கப்பட்டது. உங்களுக்கு நேர்ந்த பாகுபாட்டைப் பற்றிய விண்ணப்பத்தை ஏற்று, இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பளிப்பது ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயம். அந்த விண்ணப்பத்தை எழுதுவதற்கும் அதன் பலம் பலவீனங்களை எடைபோடுவதற்கும் கட்டணமின்றி ஆலோசனை தருவது மனித உரிமைகள் சட்ட உதவி மையம். ஆணைக்குழு இன்று செய்வது வேறு வேலை: கொள்கைகளை வகுப்பது, பொது விசாரணைகளை நடத்துவது, முக்கியமான வழக்குகளில் இடையீட்டுத் தரப்பாக (பிறருடைய வழக்கில் தன் கருத்தை எடுத்துச் சொல்லும் தரப்பாக) தோன்றுவது, மக்களிடம் சென்று உரிமைகளைப் பற்றிப் பேசுவது. ஆணைக்குழுவின் வேலையைச் சிறிதென்று எண்ணிவிட வேண்டாம். ஒரு தீர்ப்பு பெரும்பாலும் ஒரு முதலாளியை மாற்றும். ஒரு பொது விசாரணையோ ஒரு நகரத்தின் பொலிஸ் நிர்வாகத்தையே கேள்விக்கு உட்படுத்தும்.

அப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது. 2017 நவம்பரில் ரொறன்ரோ பொலிஸ் சேவை குறித்த விசாரணையை ஆணைக்குழு தொடங்கியது. 2018 டிசம்பரில் வெளிவந்த இடைக்கால அறிக்கையின்படி, 2013 தொடக்கம் 2017 வரையான காலத்தில், ரொறன்ரோ பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு கறுப்பினத்தவர் உயிரிழக்கும் வாய்ப்பு ஒரு வெள்ளையரைவிட ஏறத்தாழ 20 மடங்கு அதிகமாக இருந்தது. 2020 ஓகஸ்டில் வந்த இரண்டாவது அறிக்கை, நகர மக்கள்தொகையில் 8.8 வீதமாக இருந்த கறுப்பினத்தவர்கள், ஆய்வுக்கு எடுக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் 32 வீதமாக இருந்ததைக் காட்டியது. 2023 டிசம்பரில் இறுதி அறிக்கை 107 பரிந்துரைகளுடன் வெளியானது. கறுப்பினச் சமூகங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்ததும், "ஆதாரம் எங்கே" என்று கேட்டு ஒதுக்கப்பட்டதுமான ஒன்றை, பொலிஸாரின் சொந்தப் பதிவேடுகளைக் கொண்டே ஓர் அரச அமைப்பு எண்களில் நிறுவியது.

இந்தச் சட்டம் யாருடைய போராட்டத்தால் வந்தது

வழிகாட்டியில் வரலாறு எதற்கு என்று கேட்கலாம். நாம் இன்று எடுத்துப் பயன்படுத்தும் உரிமையை யார் விலை கொடுத்து வாங்கித் தந்தார்கள் என்பது தெரியாவிட்டால், அவர்களையே ஒதுக்குகிற கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிடுவோம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ஒன்ராறியோவின் தென்மேற்கில் ட்ரெஸ்டன் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் அடிமை முறையிலிருந்து தப்பி வந்தவர்கள் குடியேறிய பகுதி அது. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரும் அங்கிருந்த சில உணவகங்களும் முடிதிருத்தகங்களும் கறுப்பினத்தவர்களுக்குச் சேவை செய்ய மறுத்தன. ஹியூ பர்னெற் என்ற தச்சரும் அவருடைய தோழர்களும் தேசிய ஒற்றுமைச் சங்கம் என்ற அமைப்பின் வழியாக இதை எதிர்த்தார்கள். 1949 இல், இத்தகைய பாகுபாட்டைத் தடை செய்யலாமா என்று ஊர் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தப்பட்டபோது, வேண்டாம் என்று 517 பேரும், வேண்டும் என்று 108 பேரும் வாக்களித்தார்கள். பெரும்பான்மையின் தயவில் சமத்துவத்தை விட்டுவைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சங்கத்தினர் ஊரைத் தாண்டி மாகாண அரசிடம் சென்றார்கள். 1954 இல், பொது இடங்களில் சேவை மறுப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னரும் மறுத்துக்கொண்டிருந்த உணவகத்தில் மீண்டும் மீண்டும் போய் அமர்ந்து, சோதித்து, வழக்காக்கி, 1956 இலேதான் அங்கே உணவு பரிமாறச் செய்தார்கள். சிதறிக் கிடந்த இத்தகைய சட்டங்களை ஒன்றாக்கி, 1962 இல் மனித உரிமைச் சட்டக்கோவை நடைமுறைக்கு வந்தது. ஆணைக்குழுவின் முதல் பணிப்பாளராகப் பொறுப்பேற்ற டானியல் ஹில் ஒரு கறுப்பினச் சமூகவியலாளர்.

இரண்டாம் படி: உங்கள் விடயம் சட்டக்கோவைக்குள் வருகிறதா என்று பாருங்கள்

எல்லா அநியாயமும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது, அது எங்கே நடந்தது? வேலை, குடியிருப்பு, பொருட்களும் சேவைகளும் (கடை, பாடசாலை, மருத்துவமனை, பேருந்து, பொலிஸ் எல்லாம் இதில் அடங்கும்), ஒப்பந்தங்கள், தொழிற்சங்கம் அல்லது தொழில்சார் அமைப்பின் உறுப்புரிமை ஆகிய ஐந்து களங்களில் ஒன்றில் அது நடந்திருக்க வேண்டும். தெருவில் போகிற முன்பின் தெரியாத ஒருவர் இனவெறிச் சொல்லை வீசிவிட்டுப் போனால், அது எவ்வளவு புண்படுத்தினாலும், இந்தச் சட்டத்தில் இடமில்லை. அச்சுறுத்தலோ தாக்குதலோ இருந்தால் பொலிஸிடம்தான் போக வேண்டும்.

இரண்டாவது, காரணம் என்ன? இனம், நிறம், வம்சாவளி, பிறந்த இடம், இனக்குழுத் தோற்றம், குடியுரிமை, சமயம், பால், வயது, உடல் அல்லது மன இயலாமை, குடும்ப நிலை என்று சட்டக்கோவை சில அடிப்படைகளைப் பட்டியலிடுகிறது. மொழி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் உங்கள் மொழியையோ பேச்சுத்தொனியையோ சாக்காக வைத்து ஒதுக்கினால், அது பெரும்பாலும் பிறந்த இடத்தோடும் இனக்குழுவோடும் தொடர்புடையதாகவே இருக்கும். விண்ணப்பத்தில் அப்படியே இணைத்து எழுத வேண்டும்.

இங்கே இரண்டு நல்ல செய்திகள். பாகுபாடு காட்டியவர் வேண்டுமென்றே செய்தார் என்று நீங்கள் நிறுவத் தேவையில்லை, விளைவே போதும். இனம்தான் முழுக் காரணம் என்றும் காட்டத் தேவையில்லை. காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும். 2008 இல் பிராம்ப்டன் நீதிமன்றத்தில், வழக்கறிஞர்களுக்கான ஓய்வறையில் இருந்த பலருள், கறுப்பினத்தவர்களான இரு வழக்கறிஞர்களிடமும் அவர்களுடன் இருந்த சட்ட மாணவரிடமும் மட்டும் அடையாள அட்டை கேட்கப்பட்டது. யாரும் வசைச்சொல் எதையும் சொல்லவில்லை. ஆயினும் தீர்ப்பாயம் அதைப் பாகுபாடு என்றது; இடையில் மாற்றப்பட்ட அந்த முடிவை 2013 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்டியது. இனப்பாகுபாடு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: மரியாதையான குரலில், சிலரிடம் மட்டும் கேட்கப்படும் ஒரு கேள்வியாக.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் கவனியுங்கள். வங்கிகள், விமான நிறுவனங்கள், தொலைபேசி நிறுவனங்கள், மத்திய அரசின் திணைக்களங்கள் ஆகியன மாகாணச் சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. அங்கே வேலை செய்பவர்களும் அங்கே சேவை மறுக்கப்பட்டவர்களும் ஒட்டாவாவில் உள்ள கனேடிய மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கே முறையிட வேண்டும். அங்கேயும் காலக்கெடு ஓராண்டுதான். சம்பளம் தராமல் ஏமாற்றினால் அது தொழில் அமைச்சின் விடயம்; வாடகை உயர்வும் திருத்தவேலைகளும் வீட்டு உரிமையாளர், வாடகையாளர் சபையின் விடயம்.

உங்களிடம் நிரந்தர வதிவிடம் இல்லை, மாணவர் விசாவில் இருக்கிறீர்கள், அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லை என்பதெல்லாம் இந்த உரிமையைப் பறிப்பதில்லை. சட்டக்கோவை "ஒவ்வொருவருக்கும்" என்றுதான் தொடங்குகிறது. ஆனால் தீர்ப்பாயத்தின் முடிவுகள் பொதுவில் வெளியாகும். உங்கள் பெயர் வெளியே தெரிவது இங்கோ ஊரிலோ ஆபத்தைத் தருமெனில், பெயரை மறைக்கும்படி தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். குடிவரவு வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் தங்கள் குடிவரவு வழக்கறிஞரிடமும் ஒரு சொல் கேட்டுவிட்டே தொடங்குவது நல்லது.

மூன்றாம் படி: நடந்த அன்றே எழுதி வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதையே கடைப்பிடியுங்கள். எத்தனையோ உண்மையான வழக்குகள் பொய் என்பதால் அல்ல, திகதி இல்லை, பெயர் இல்லை, எழுத்து இல்லை என்பதால் நலிந்துபோகின்றன. "அவர் எப்போதும் என்னை ஒரு மாதிரித்தான் நடத்துவார்" என்ற வாக்கியத்தை வைத்து ஒரு தீர்ப்பாளரால் எதுவும் செய்ய முடியாது. கீழ்க்காணும் குறிப்பை வைத்துச் செய்ய முடியும்:

"2 ஒக்டோபர், வியாழன், மாலை 4.20. களஞ்சியத்தில் பொதி கட்டும் பகுதி. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, 'உங்கள் நாட்டு ஆட்கள் எல்லோரும் இப்படித்தான், சொன்னால் ஒன்றும் விளங்காது' என்றார். பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்த நேர அட்டவணையில் எனக்கு மூன்று நாள் வேலை குறைக்கப்பட்டிருந்தது."

தமிழிலேயே எழுதலாம். சொன்னவர் ஆங்கிலத்தில் சொன்ன சொற்களை, உங்கள் காதில் விழுந்த அதே ஒலியில் அப்படியே எழுதி வையுங்கள். நாகரிகம் கருதி மாற்றாதீர்கள். நேர அட்டவணை, குறுஞ்செய்திகள், விளம்பரம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து, நிறுவனத்தின் கணினியில் அல்லாமல் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். வேலையிலிருந்து நிறுத்தப்படும் நாளில் நிறுவன மின்னஞ்சல் அந்த நிமிடமே மூடப்பட்டுவிடும். நெருக்கடியால் வைத்தியரைப் பார்க்க நேர்ந்தால், காரணத்தை அவரிடம் சொல்லுங்கள். அவருடைய குறிப்பும் ஓர் ஆவணமே.

நான்காம் படி: வீடு தேடும்போது

புதிதாக வருபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். வீட்டுக்காரர் உங்களிடம் வருமான விவரம், முந்தைய வாடகை வரலாறு, கடன் வரலாறு, பிணை நிற்பவர் பற்றிய விவரம் ஆகியவற்றைக் கேட்கலாம். வந்து சில வாரங்களே ஆனவரிடம் கனேடிய வாடகை வரலாறும் கடன் வரலாறும் இருக்க முடியாது. அவை இல்லை என்பதையே குற்றமாக வைத்து மறுக்கக்கூடாது என்பது ஆணைக்குழுவின் குடியிருப்புக் கொள்கையில் தெளிவாக இருக்கிறது. அதேபோல், வருமானத்தில் இத்தனை வீதத்துக்கு மேல் வாடகை போகக்கூடாது என்ற கணக்கை வைத்து மறுப்பதற்கும் சாதாரணத் தனியார் வாடகை வீடுகளில் அனுமதி இல்லை.

தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் "வீடு கொடுபட்டுவிட்டது" என்ற பதில் வந்து, விளம்பரம் மட்டும் தொடர்ந்து இருந்தால், கோபத்தில் வசை எழுதாமல் இப்படி ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: "வணக்கம். சனிக்கிழமை வீட்டைப் பார்க்க வருவதாகப் பேசியிருந்தோம். நேற்று என் பெயரைச் சொன்ன பின்னர் வீடு கொடுபட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். விளம்பரம் இன்றும் இருக்கிறது. வீடு இன்னும் இருக்கிறதா என்று அறியத் தருவீர்களா?" பதில் வந்தாலும் வராவிட்டாலும், அது உங்கள் கையில் இருக்கும் சான்று. வேறு இனத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அதே நாளில் அழைத்துக் கேட்டு, அவருக்குக் கிடைத்த பதிலையும் எழுதி வைத்தால் இன்னும் பலம். ட்ரெஸ்டனில் செய்ததும் இதைத்தான்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. வீட்டு உரிமையாளரோ அவருடைய குடும்பத்தினரோ அதே வீட்டில் வசித்து, குளியலறையையோ சமையலறையையோ உங்களோடு பகிர்ந்துகொள்வதாக இருந்தால், குடியிருப்பு பற்றிய சமவுரிமை விதி அங்கே பொருந்தாது. தனிச் சமையலறையும் தனிக் குளியலறையும் உள்ள பேஸ்மென்ற் ஒன்றுக்கு, மேல்மாடியில் உரிமையாளர் இருந்தாலும், இந்த விலக்கு கிடைக்காது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிராம்ப்டனிலும் பேஸ்மென்ற் வாடகைக்குக் கொடுக்கிற எம்மவர்கள் பலருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அதனால் எம்மவர்களிடம் நேராகவே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நம்மில் வீடு வைத்திருப்பவர்கள், "கறுப்பர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று தரகரிடம் மெதுவாகச் சொல்லி வைப்பதும், தமிழர் ஒருவர் கேட்டு வந்தால் "ஊரில் எந்தப் பக்கம்?" என்று தொடங்கி, கோயில், உறவு என்று சுற்றிச் சுற்றிச் சாதியைத் துப்பறிவதும் நடக்கிறது. இரண்டும் சட்டவிரோதம். 2023 மார்ச்சில், தமிழரான யாழினி ராஜகுலசிங்கம் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை சாதி ஒடுக்குமுறையை ஒரு பிரச்சினையாக அங்கீகரித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஆணைக்குழு தன் கொள்கை நிலைப்பாட்டை வெளியிட்டது: சாதிப் பாகுபாடு என்று தனியே ஒரு சொல் சட்டக்கோவையில் இல்லாவிட்டாலும், வம்சாவளி, சமயம், இனம், பிறந்த இடம் போன்ற இருக்கின்ற அடிப்படைகளே அதைத் தடை செய்கின்றன. ஆகவே வேலையிடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட ஒருவர், இனவெறிக்கு உள்ளான ஒருவர் எடுக்கிற அதே படிகளை எடுக்கலாம். வெள்ளையரிடம் நாம் கேட்கிற நியாயத்தை நம் வீட்டு வாசலில் மறுப்பவர்கள், இந்தச் சட்டம் யாருக்காக இருக்கிறது என்பதை மீண்டும் யோசிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வேலை தேடும்போதும் வேலையிலும்

"கனேடிய அனுபவம் இருக்கிறதா?" என்ற கேள்வி எத்தனை வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் களஞ்சியங்களுக்கு அனுப்பியிருக்கிறது என்பதை எம் சமூகத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கட்டாயமாகக் கனேடிய அனுபவம் கேட்பது முதற்பார்வையிலேயே பாகுபாடு என்று ஆணைக்குழு 2013 இல் கொள்கை வகுத்தது. அப்போது அது வெறும் கொள்கை என்று பலர் அலட்சியம் செய்தார்கள். இன்று 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள், பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரத்திலும் விண்ணப்பப் படிவத்திலும் அந்த நிபந்தனையை வைக்கக்கூடாது என்பது 2026 சனவரி 1 முதல் சட்டம். அத்தகைய விளம்பரத்தைக் கண்டால் திகதியோடு படம் எடுத்து வையுங்கள்.

மாணவர்களுக்கு இன்னொரு தீர்ப்பு முக்கியம். பாகிஸ்தானிலிருந்து வந்து பொறியியல் படித்த மாணவர் ஒருவரிடம், ஒரு பெரிய நிறுவனம் கனடாவில் நிரந்தரமாக வேலை செய்யும் தகுதி இருக்கிறதா என்று கேட்டது. அதற்குச் சான்று காட்ட முடியாததால் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றது. படிப்பு முடிந்ததும் சட்டப்படி வேலை செய்யும் அனுமதி அவருக்குக் கிடைக்கவிருந்தது. குடியுரிமை அடிப்படையிலான பாகுபாடு என்ற தீர்ப்பாயத்தின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023 இல் நிலைநாட்டியது. வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா என்று முதலாளி கேட்கலாம். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் வேலை என்று, வேறு சட்டம் எதுவும் கோராத நிலையில், வடிகட்ட முடியாது.

வேலையில் இருக்கும்போது இனவெறிப் பேச்சுக்கு உள்ளானால், முதலில் நிறுவனத்துக்குள்ளேயே எழுத்தில் அறிவியுங்கள். மேலாளரிடம் வாயால் சொல்லியிருந்தால், அன்றிரவே "இன்று காலை உங்களிடம் நான் சொன்ன விடயம்" என்று தொடங்கி ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். முறையிட்டதற்காகப் பழிவாங்குவது தனியே ஒரு சட்டமீறல். தொழிற்சங்கம் இருந்தால் அங்கும் சொல்லுங்கள். ஆனால் சங்கத்தின் நடவடிக்கை முடியட்டும் என்று ஓராண்டைக் கடத்திவிடாதீர்கள். வேலையிலிருந்து உங்களை நீக்கும் கடிதத்தோடு சில ஆயிரம் டொலரும் ஒரு கையெழுத்துத் தாளும் நீட்டப்பட்டால், அந்த அறையில் வைத்துக் கையெழுத்திட வேண்டாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும். வீட்டுக்கு எடுத்துச் சென்று ஆலோசனை பெற அவகாசம் கேளுங்கள்.

ஆறாம் படி: பொலிஸார் வழிமறித்தால்

2017 சனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மாகாண விதிகளின்படி, குறிப்பிட்ட குற்றம் எதையும் விசாரிக்காமல், தெருவில் போகும் ஒருவரை நிறுத்தி அடையாள விவரம் கேட்கும் பொலிஸ் அலுவலர், எதற்காகக் கேட்கிறார் என்பதையும், விவரம் தராமல் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதையும் பொதுவாகச் சொல்ல வேண்டும். தம் பெயரும் எண்ணும் உள்ள பற்றுச்சீட்டையும் தர முன்வர வேண்டும். இனத்தைக் காரணமாகக் கொண்டு நிறுத்துவது தடை. வாகனம் ஓட்டும்போது நிறுத்தப்பட்டாலோ கைது செய்யப்பட்டாலோ இந்த விதி பொருந்தாது. ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியே ஆக வேண்டும். வாக்குவாதம் வேண்டாம், ஓடவும் வேண்டாம். "நான் போகலாமா?" என்று அமைதியாகக் கேளுங்கள். பின்னர் இடம், நேரம், வாகன எண், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அலுவலரின் நடத்தை பற்றிய முறைப்பாட்டுக்கு 2024 ஏப்ரல் முதல் சட்ட அமுலாக்க முறைப்பாட்டு முகவரகம் என்ற தனி அமைப்பு இருக்கிறது. இனப்பாகுபாடு என்றால் தீர்ப்பாயத்துக்கும் போகலாம்.

ஏழாம் படி: விண்ணப்பம்

எழுதத் தொடங்குமுன் மனித உரிமைகள் சட்ட உதவி மையத்தை அழையுங்கள். தொலைபேசியில் காத்திருக்க நேரலாம், வைத்துவிடாதீர்கள். எங்கே அழைப்பது என்றே தெரியாவிட்டால் 211 என்ற எண்ணை அழைத்து "தமிழ்" என்று சொன்னாலே உரைபெயர்ப்பாளர் வழியாக உங்கள் பகுதிச் சேவைகளைச் சொல்வார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு சமூகச் சட்ட நிலையங்கள் இருக்கின்றன. ஒன்ராறியோ தென்னாசியச் சட்ட நிலையம் எம்மைப் போன்றவர்களுக்காகவே இயங்குகிறது.

தீர்ப்பாயத்தின் முதலாம் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. நடந்த நாளிலிருந்து, தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசி நிகழ்விலிருந்து, ஓராண்டுக்குள் அது போய்ச் சேர வேண்டும். என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார், அதை ஏன் பாகுபாடு என்கிறீர்கள் என்று படிவம் கேட்கும். பலர் சறுக்குவது கடைசிக் கேள்வியில்தான். "நான் தமிழன் என்பதால்" என்று மட்டும் எழுதினால் போதாது. உங்களைப் போல் அதே வேலையைச் செய்த மற்றவர் எப்படி நடத்தப்பட்டார், யார் என்ன சொன்னார், சொன்னதற்கும் நடந்ததற்கும் இடையே எத்தனை நாள் என்பதையெல்லாம் காட்டி, நடந்ததையும் இனத்தையும் இணைத்து எழுத வேண்டும். மூன்றாம் படியில் சொன்ன குறிப்புப் புத்தகம் இங்கேதான் கைகொடுக்கும். உரைபெயர்ப்பாளர் தேவையானால் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பிள்ளையையோ மனைவியையோ உரைபெயர்ப்பாளராக அமர்த்த வேண்டாம். அவமானத்தை அவர்கள் முன் முழுமையாகச் சொல்லப் பலருக்கும் நா எழுவதில்லை.

எதிர்த்தரப்பு பதில் கொடுத்த பின் சமரசப் பேச்சு வரும். கண்ணியத்துக்கும் தன்மதிப்புக்கும் ஏற்பட்ட காயத்துக்கான இழப்பீடு, இழந்த சம்பளம், ஊழியர்களுக்குப் பயிற்சி, கொள்கை மாற்றம் என்று எதையும் அங்கே கேட்கலாம். மன்னிப்புக் கடிதம்தான் வேண்டும் என்றால் அதைக் கேட்க வேண்டிய இடமும் அதுவே. விசாரணைக்குப் போனபின் தீர்ப்பாளரிடமிருந்து அதை எதிர்பார்ப்பது கடினம். இணக்கம் ஏற்படாவிட்டால் விசாரணை. முழுவதும் முடிய மாதங்கள் அல்ல, ஆண்டுகள் ஆகலாம். தோற்றாலும் எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் செலவைக் கட்டும்படி தீர்ப்பாயம் உத்தரவிடாது என்பது, துணிந்து தொடங்குவதற்கு ஒரு பலம்.

எட்டாம் படி: ஆணைக்குழுவின் பணியில் நீங்களும் சேருங்கள்

தனி முறைப்பாட்டை ஆணைக்குழு ஏற்காது என்றாலும், ஒரே நிறுவனத்தில், ஒரே நகரத்தில், ஒரே மாதிரியான விடயம் பலருக்கு நடக்கிறது என்பதை அறிவிக்கலாம்; அறிவிக்கவும் வேண்டும். பொது விசாரணைகளின்போது ஆணைக்குழு சமூகங்களைச் சந்தித்துக் கருத்துக் கேட்கிறது. ரொறன்ரோ பொலிஸ் விசாரணையின் எண்களுக்குப் பின்னால், அப்படி வந்து பேசிய கறுப்பின இளைஞர்களும் பெற்றோரும் இருக்கிறார்கள். எம் அமைப்புகள் அத்தகைய அழைப்புகளின்போது பெரும்பாலும் காணப்படுவதில்லை என்பது என் கவலை. இனப்பாகுபாடு பற்றிய இணையவழிப் பயிற்சி ஒன்றையும் ஆணைக்குழு இலவசமாக வைத்திருக்கிறது. வேலைக்கு ஆட்களை எடுக்கும் எம் கடைக்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும் அதை ஒருமுறை முடிப்பது நன்று.

ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ கோயிலோ, சட்ட நிலையத்தைச் சேர்ந்த ஒருவரை அழைத்துத் தகவல் அமர்வு ஒன்றை நடத்தலாம். ஞாயிறு பிற்பகல் வைத்தால் இரவு வேலை செய்பவர்களும் வருவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் இரண்டு பேரும் இருந்தால் பெண்கள் கடைசி வரை இருப்பார்கள். வீட்டு வேலை, பராமரிப்பு வேலை செய்யும் பெண்களின் அனுபவமே மிகக் குறைவாக வெளியே வருகிறது. அக்கம்பக்கத்திலுள்ள கறுப்பின, பூர்வகுடி அமைப்புகளையும் அழையுங்கள். கேள்வி நேரத்தில் யாரையும் தம் வழக்கை மேடையில் சொல்லும்படி தூண்டாதீர்கள்: அவர் சொல்வது முதலாளியின் காதுக்கும் போகலாம். அதற்குப் பதிலாக, கதவருகே ஒரு மேசையில் வழக்கறிஞரோடு தனியே பேச நேரம் குறித்துக்கொள்ளும் தாள் ஒன்றை வையுங்கள். பெயருக்குப் பதில் தொலைபேசி எண் மட்டும் எழுதும் நிரல் இருந்தால் போதும். அதற்குப் பக்கத்தில் "நடந்த திகதி" என்று இன்னொரு நிரல் இடுங்கள். ஓராண்டு முடியப்போகிறவர்களை அன்றே முதலில் பேச வைத்துவிடலாம்.